நீக்கக் காரணம்

ஜூன் 24, திங்கள்

ஆய்வுத் தொகுப்புச் செய்கிறவர்கள் எந்த நாளில் எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். பிற்பாடு யாராவது கேட்டால் காட்டுவதற்கு. அதற்கு அலுவலகத்தில் ஒரு நீளமான பதிவேடு இருக்கிறது. அதில் எழுத முடியாதவற்றுக்கு இந்த நோட்டு.

வேலை இதுதான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து உரக்க வாசித்தால் தமிழ் வாசிப்பு சீக்கிரம் வருமா? கூட்டு வாசிப்பு என்று பெயர். இதைப் பற்றி முப்பது வருஷத்தில் யார் யார் என்ன ஆய்வு செய்திருக்கிறார்களோ அத்தனையையும் தேடி, தரம் பார்த்து, எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று ஒரே முடிவாகக் கொடுக்க வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் ஜனவரியிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளில் தினம் நாற்பது நிமிஷம் கூட்டு வாசிப்பு வைக்கத் தயாராக இருக்கிறார்கள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி குழு கூடுகிறது. நாம் ஆம் என்றால் ஆம்.

அறுநூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள் கிடைத்தன. சலித்த பிறகு மீதி முப்பத்தெட்டு. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெயரைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்காக ஆசிரியர் பெயர்களை எல்லாம் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். தேடலில் வந்த வரிசை எண் மட்டும்தான் தெரியும்.

31 தடிமனானது. கடைசியில் பார்க்கலாம்.

ஜூன் 26, புதன்

இரண்டாவது ஆள் வந்து சேர்ந்தார். பிலோமினா. மணப்பாறைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக டீச்சர். எங்கள் நிறுவனத்துக்கு மூன்று மாதம் மாற்றுப்பணி. ஆய்வு என்றாலே பயம் என்று வந்ததும் சொன்னார். பயப்படுகிறவர் மாதிரி தெரியவில்லை. மதிப்பெண் படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்துவிட்டு, "இதுல 'எத்தனை புள்ளைங்க பாதியில நின்னுட்டாங்க'ன்னு ஒரு கேள்வி இருக்குல்ல மேடம், அது ஒண்ணுதான் நெசமான கேள்வி" என்றார்.

மத்தியானம் சாப்பிடும்போது கூட்டு வாசிப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் வகுப்பில் செம்மலர் என்று ஒரு பெண் இருந்தாளாம். இரண்டு வருஷம் கூட்டத்தோடு சேர்ந்து கணீரென்று வாசித்தவள். மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் தனியாக வாசிக்கச் சொன்னாராம். அப்போதும் நன்றாகவே வாசித்தாளாம். "எனக்கு என்னமோ தோணுச்சு மேடம். பக்கத்துல இருந்த படத்தைக் கையால மூடினேன். நின்னுட்டா. ஒரு எழுத்து தெரியல அதுக்கு."

ஒரு பிள்ளையை வைத்து முடிவு செய்யக்கூடாது, அதற்காகத்தான் தொகுப்பே என்று விளக்கினேன். சரி மேடம் என்று தயிர்சாதத்தைப் பிசைந்தார்.

ஜூலை 2, செவ்வாய்

ஆறு ஆய்வுகள் முடிந்தன. 31 இல்லை. தலைவலி.

ஜூலை 5, வெள்ளி

12ஆம் எண்ணில் டீச்சருக்கும் எனக்கும் சண்டை. நான் எட்டு போட்டேன், அவர் மூன்று. காரணம் கேட்டால், "பாடப்புத்தகத்துல உள்ள பாடத்தையே பரீட்சைக்குக் குடுத்திருக்காங்க. புள்ள வாசிக்குதா ஒப்பிக்குதான்னு எப்படித் தெரியும்?" என்கிறார்.

ஆய்வறிக்கையை மறுபடி பார்த்தேன். 'மாணவர்கள் நன்கு படித்தனர்' என்று இருக்கிறது. நம் மொழியில் படித்தான் என்றால் வாசித்தான், மனப்பாடம் செய்தான், பள்ளிக்கூடம் போனான் எல்லாம்தான். இத்தனை வருஷம் இந்தத் துறையில் இருந்துவிட்டு இதை நான் கவனிக்கவில்லை. நான்காகக் குறைத்தேன். பிறகு எல்லா ஆய்வுகளையும் திரும்ப எடுத்து, பார்க்காத பகுதியைக் கொடுத்துச் சோதித்தவை எவை என்று பிரித்தோம். முப்பத்தெட்டில் ஒன்பது.

சலித்தலா இது, சலிப்பா என்று டீச்சரிடம் கேட்டேன். "ரெண்டும்தான் மேடம்" என்றார்.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் ஓட்டலில் இட்லி வாங்கி வந்தார்.

ஜூலை 11, வியாழன்

முதல் கணக்கு வந்துவிட்டது. கூட்டு வாசிப்பு பலன் தருகிறது என்றுதான் வருகிறது. ஆனால் தராசில் ஆம் பக்கத் தட்டைக் கீழே இழுப்பவை இரண்டே இரண்டு: 31, 44. மற்றவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சாய்கின்றன.

டீச்சர் 31-ஐ முடித்துவிட்டார். முழு மதிப்பெண். "யாரோ ஒரு பொண்ணு நல்லா உழைச்சிருக்கு மேடம். பொண்ணுதான், எழுத்துல தெரியுது. ரெண்டு ஸ்கூலு, ஒண்ணுல கூட்டு வாசிப்பு, ஒண்ணுல வழக்கம் போல. ரெண்டுக்கும் புதுப் பகுதி எழுதிக் குடுத்திருக்கு. இந்த முப்பத்தெட்டுல இதுதான் உருப்படி."

நானும் 31-க்கு மதிப்பெண் போட்டுப் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். கட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அது என்னுடையது. இருபத்து நான்கு வயதில் எம்.ஃபில். பட்டத்துக்காகச் செய்தது. தொகுப்பு செய்கிறவர் தன் ஆய்வுக்குத் தானே மதிப்பெண் போடக்கூடாது என்று விதிமுறையில் எழுதியிருப்பதும் நான்தான். நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஜூலை 12, வெள்ளி

சொல்லவில்லை. இயக்குநர் வந்திருந்தார், பேச நேரமில்லை.

ஜூலை 17, புதன்

டீச்சர் காலையிலேயே 31-ஐயும் 44-ஐயும் கொண்டு வந்து என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அட்டவணை ஒன்றே. அறுபத்தாறு பிள்ளைகள், அதே சராசரி, புள்ளிக்குப் பிறகு வரும் எண்கூட மாறவில்லை. "யாரோ யாரையோ காப்பி அடிச்சிருக்காங்க மேடம். பேரைப் பிரிச்சுப் பாத்துருவோம்."

நான் தடுக்கவில்லை. தடுக்க என்ன காரணம் சொல்ல முடியும்? நகத்தால் காகிதத்தை உரித்தார். 31: த. சௌந்தரவல்லி. 44: இரா. சௌந்தரவல்லி.

கல்யாணத்துக்கு முன் அப்பாவின் தணிகாசலம், பின் இவருடைய இராமநாதன். ஆய்வேட்டை நாலு வருஷம் கழித்துச் சுருக்கி ஓர் இதழில் போட்டேன். அலுவலகத்தில் பட்டியல் போட்டவர் இனிஷியலைப் பார்த்து இரண்டு பேர் என்று இரண்டு எண் கொடுத்துவிட்டார். அப்படியாக அறுபத்தாறு பிள்ளைகள் நூற்று முப்பத்திரண்டு பேராகிவிட்டார்கள்.

டீச்சர் முதலில் சிரித்தார். "கல்யாணமானா நமக்கு இனிஷியல் மாறும் மேடம், புள்ளைங்க எண்ணிக்கை மாறுமா?" பிறகு சிரிப்பை நிறுத்தி, "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

பெயர் மூடியிருந்ததால் கவனிக்கவில்லை என்றேன். மூடியது யார் என்று அவர் கேட்கவில்லை.

44-ஐ எடுத்துவிட்டோம். என் மதிப்பெண்ணையும் அடித்துவிட்டு, 31-ஐ டீச்சர் ஒருவரே மறுபடி மதிப்பிடுவது என்று பதிவேட்டில் எழுதினேன். 44 போன பிறகும் முடிவு ஆம் பக்கம்தான் நிற்கிறது. 31 ஒன்றே தாங்குகிறது.

ஜூலை 19, வெள்ளி

டீச்சர் 31-இன் பின்னிணைப்பைக் கேட்டார். அதில் பிள்ளைகளின் பெயர், மதிப்பெண் எல்லாம் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 24, புதன்

நாலு நாள் டீச்சர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்று டீ குடித்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், இந்த ரெண்டாவது ஸ்கூலு, வழக்கமா நடத்தினது. ரெண்டாம் தேர்வு நவம்பர் பதினொண்ணுன்னு போட்டிருக்கு."

"ஆமாம்."

"காலண்டர்ல பாத்தேன். அந்த வருஷம் தீபாவளி பத்தாம் தேதி. மறுநாள் முப்பத்திரண்டு புள்ளையும் வந்திருக்கு. ஒண்ணுகூட ஆப்சென்ட் இல்ல." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பின்னிணைப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "பத்தொம்போது வருஷத்துல தீபாவளிக்கு மறுநாள் என் வகுப்புல பதினோரு புள்ளைக்கு மேல வந்ததே இல்ல மேடம். அதான் கேக்கறேன்."

முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம், தேர்வு எழுதினால் இனிப்பு கொடுப்பதாக என்றேன். வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது.

"தீபாவளிக்கு மறுநாள் இனிப்புக்கா வந்தாங்க?" என்றார். கிண்டலாகக்கூட இல்லை. பிறகு, "சரி மேடம், 'விளக்கம் கேட்கப்பட்டது'ன்னு எழுதிக்கிறேன்" என்று எழுந்து போனார்.

ஜூலை 27, சனி

துணி துவைத்தேன். குழம்புக்கு அரைத்தேன். உட்கார்ந்து எழுதிவிடுவது நல்லது.

முதல் பள்ளியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு தேர்வுக்கும் நானே போனேன், முப்பத்து நாலு பேருக்கும் நானே வாசிக்கக் கொடுத்துக் கேட்டேன். இரண்டாவது பள்ளி லால்குடி தாண்டி உள்ளே. முதல் தேர்வுக்குப் போனேன். இரண்டாம் தேர்வுக்கு வைத்திருந்த நாளில் மழை, பள்ளி விடுமுறை. அடுத்து தீபாவளி வந்துவிட்டது. ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள் இருபதாம் தேதி. தீபாவளிக்கு மறுநாள் போகலாம் என்று இருந்தேன். அன்று போக முடியவில்லை. வீட்டில் வேறு காரியம்.

அன்று வீட்டிலேயே உட்கார்ந்து முப்பத்திரண்டு பேருக்கும் எழுதினேன். முதல் தேர்வில் வாங்கியதோடு ஒன்றோ இரண்டோ கூட்டி. யாருக்கும் குறைக்கவில்லை. தாராளமாகவே போடுவதாகத்தான் அன்று நினைத்தேன். மறுவாரம் போய் உண்மையில் தேர்வு வைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். போகவில்லை.

பயம் என்று சொல்லலாம். சோம்பல் என்றும் சொல்லலாம். அந்த ஆய்வேட்டுக்கு அந்த வருஷத்தின் சிறந்த ஆய்வேடு என்று பரிசு கொடுத்தார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

டீச்சர் கோயில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். இயக்குநருக்கு நாளைக் காலை திருத்திய அட்டவணை வேண்டுமாம், என் கையெழுத்து இல்லை. வீட்டுக்காரர் காபி போட்டுக் கொண்டு வந்தார். விருந்தாளி கிடைத்தால் இவரைப் பிடிக்க முடியாது.

"உங்க மேடம் இன்னைக்கு நேத்தா ஆராய்ச்சி பண்றா? நாங்க பொண்ணு பாக்கப் போனதே தீபாவளிக்கு மறுநாள். ஊர்லேர்ந்து சொந்தமெல்லாம் வந்திருக்கே, அப்படியே போயிட்டு வந்துடலாம்னு. காலையிலேர்ந்து வாசப்படி தாண்டக்கூடாதுன்னு மாமா இவளுக்கு உத்தரவு. மத்த பொண்ணுங்கல்லாம் கேசரித் தட்டோட வரும். இவ விரல் பூரா மையோட வந்து நின்னா. என்னம்மான்னு கேட்டா, முப்பத்திரண்டு பிள்ளைங்களுக்கு மார்க் போட்டுட்டு இருந்தேங்கறா. அப்பவே எங்கம்மா சொல்லிட்டாங்க, இந்தப் பொண்ணுதான் நம்ம வீட்டுக்குன்னு."

எத்தனை பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பார். பேத்தி காதுகுத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். நான் டம்ளரைக் கழுவப் போகிறவள்போல உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டீச்சர் குரல் மட்டும் கேட்டது. "காபி நல்லாருக்கு சார்."

ஜூலை 29, திங்கள்

அலுவலகத்தில் நாங்கள் இருவர் மட்டும். டீச்சர் நீக்கப்பட்ட ஆய்வுகளின் பட்டியலை எடுத்து வைத்தார். கடைசிக் கட்டம் நீக்கக் காரணம். அதில் இரண்டு மூன்று வார்த்தைதான் எழுதுவோம்.

"மேடம், 31-ஐ எடுத்துடணும். அது உங்களுக்கே தெரியும்."

தெரியும் என்றேன்.

"காரணத்துல 'விவரம் போதவில்லை'ன்னு போட்டுடலாம். ஏற்கனவே ஏழு ஆய்வுக்கு அப்படித்தான் போட்டிருக்கோம். பொய்னும் சொல்ல முடியாது."

எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நிம்மதி. எனக்காகவா டீச்சர் என்று கேட்டேன்.

"உங்களுக்காகவும்தான். ஆனா கீழே நானும் கையெழுத்துப் போடணும்ல மேடம். எம்பேருக்கு ஒத்துக்கற மாதிரி எது இருக்குன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். இது ஒண்ணுதான் கெடைச்சது."

அப்படியே எழுதச் சொன்னேன். பென்சிலில் எழுதினார்.

31 போனதும் முடிவு மாறிவிட்டது. கூட்டு வாசிப்பால் பலன் உண்டு என்று சொல்ல ஆதாரம் போதாது. பின்தங்கிய பிள்ளைகள் குரலுக்குள் மறைந்துகொள்கிறார்கள் என்று மூன்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிக்கும் நாம் ஆம் சொல்லப் போவதில்லை. ஆகவே யாருக்கும் கெடுதல் இல்லை. இந்த வாக்கியத்தை நேற்றிலிருந்து பத்து முறையாவது எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. வீட்டுக்காரர் காவிரிக்குக் கூப்பிட்டார். போகவில்லை. சித்ரான்னம் சாப்பிடும்போது அவரிடம் சொல்லிவிட்டேன்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு, "அப்ப இத்தனை வருஷமா நான் இதைத்தான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேனா வல்லி?" என்றார். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

யாருக்கும் கெடுதல் இல்லை என்பதைச் சோதித்துப் பார்த்தேன். என் வேலையே அதுதானே.

31-ஐ மேற்கோள் காட்டிய ஆய்வுகள் பத்தொன்பது. அவற்றில் ஆறு எங்கள் முப்பத்தெட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஆசிரியர் பயிற்சிக்கான ஒரு பாடநூலில் ஒரு பக்கம் முழுக்க என் அட்டவணை. டீச்சரிடம் காட்டினேன். அதைப் பார்த்ததும், "இதை நான் பரீட்சைக்குப் படிச்சிருக்கேன் மேடம். இதுக்குப் பத்து மார்க்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "செம்மலரு வகுப்புல கூட்டா வாசிக்க வெச்சது இதைப் படிச்சுட்டுத்தான்" என்றார்.

விவரம் போதவில்லை என்று எழுதினால், நாளைக்கு இன்னொருவர் விவரத்தைத் தேடி எடுத்து 31-ஐச் சேர்த்துக்கொள்வார். பின்னிணைப்பில் விவரத்துக்கா குறை? முப்பத்திரண்டு பெயரும் வரிசையாக இருக்கின்றன.

பென்சிலை அழித்தேன். நாலு முறை எழுதிப் பார்த்தேன். முதல் மூன்றிலும் மழை, விடுமுறை, கடைசித் தேதி எல்லாம் வந்தன. நாலாவது: 'ஒப்பீட்டுப் பள்ளியில் இரண்டாம் தேர்வு நடத்தப்படவில்லை. அந்த மதிப்பெண்களை ஆய்வாளரே வீட்டில் எழுதினார். ஆய்வாளரின் வாக்குமூலம்.' மை பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்துவிட்டு, கீழே அவருடையதைப் போட்டார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இயக்குநர் கதவைச் சாத்தச் சொன்னார். "மேடம், இதை இப்படி உடைச்சு எழுதணுமா? பட்டம் போயிடும். உங்க பிஎச்.டி.யே இதுக்கு மேலதான் நிக்குது. நம்ம நிறுவனப் பேரும் இருக்கு." தெரியும் சார் என்றேன். அறிக்கையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என்னைப் பார்க்காமல், நாளைக்கு நீங்களே பேசுங்கள், அதன் பிறகு விடுப்பில் போய்விடுங்கள் என்றார். நியாயம்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

குழுவில் ஒன்பது பேர். கால்மணி நேரம் பேசினேன். எப்படித் தேடினோம், எப்படிச் சலித்தோம், என்ன மிஞ்சியது என்று சொன்னேன். 31-க்கு வந்தபோது எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன், அந்த ஆய்வாளர் நான்தான் என்றேன். யாரோ தண்ணீர்ப் புட்டியை மூடும் சத்தம் கேட்டது. ஜனவரித் திட்டத்தை நிறுத்தி வைப்பதாகத் தலைவர் சொன்னார். என்னைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இவ்வளவுக்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியையாம், கையைத் தூக்கினார்.

"அது இருக்கட்டும்மா. அந்த முப்பத்திரண்டு பிள்ளைங்க நெசத்துல எப்படி வாசிச்சாங்க?"

"தெரியாது மேடம்."

"அப்புறமாவது போய்ப் பாத்தீங்களா?"

"இல்லை மேடம்."

அவர் கையை இறக்கிக்கொண்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷமாக எத்தனை கருத்தரங்கில் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கூட்டாக வாசிக்காததால் முன்னேறவில்லை, தேங்கிவிட்டார்கள் என்று. இந்த ஒன்றரை மாதத்தில்கூட என் பட்டம், என் பெயர், டீச்சர் முகம் என்றுதான் எனக்கு ஓடியது. அந்த வகுப்பின் கதவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவர்களில் யாருக்காவது அந்த நவம்பரில் வாசிப்பு வந்திருந்தால், வரவில்லை என்று எழுதி வைத்தவள் நான்.